கேட்டால் சொல்வாள்

சாயங்கால பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்ததும் மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவள் சூரியனைப் பார்ப்பாள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற வண்டியில் அந்த நேரத்துக்கு மேற்கு ஜன்னல் பக்கம் யாரும் உட்கார மாட்டார்கள், முகம் வெந்துவிடும். அவளுக்கு அந்த ஜன்னல்தான் வேண்டும். முண்டியம்பாக்கம் வந்ததும் மடியில் இருக்கிற டிபன் பாக்ஸைத் திறப்பாள். கேப்பை அடை, இல்லையென்றால் புளிச்சோறு. ஒரு கண் சாப்பாட்டில் இருக்கும், ஒரு கண் வெளியே பனைமரங்களுக்கு மேலே இருக்கும். சூரியன் விழுவதற்குள் பாக்ஸை மூடிவிட வேண்டும். மூடிய பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. மார்கழியில் கல்லூரி மீட்டிங் அது இது என்று இழுத்துவிட்டால், திறக்காத பாக்ஸ் திறக்காமலே திண்டிவனம் வந்து சேரும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. விழுப்புரத்துக்கு வெளியே புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு தனியார் கல்லூரியில் நான் சரித்திரம் நடத்தினேன், அவள் ஆங்கிலம். இரண்டு பேருக்கும் ஜாகை திண்டிவனத்தில். எனக்குப் புகுந்த வீடு, அவளுக்கு எங்கள் தெருவிலேயே ஒரு வாடகை ரூம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள், அது வேறு விஷயம். யாராவது போய்க் கேட்டால் 'ஆமாங்க, நான்தான்' என்று அவளே சொல்லிவிடுவாள். அவளிடம் இருந்த வியாதியே அதுதான். கேட்டால் சொல்லிவிடுவாள்.

எங்கள் பெட்டியில் தினமும் வருகிற சீசன் டிக்கெட் கூட்டத்தில் தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் இருந்தார். அவள் வண்டியில் வர ஆரம்பித்த முதல் வாரமே விசாரித்துவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா, விரதமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். விரதம் இருக்கிற பெண் என்றால் நம் ஊரில் ஒரு மரியாதை உண்டு. கூட்டத்தில் எழுந்து இடம்கூடக் கொடுப்பார்கள்.

"இல்லீங்க. பொழுது போனா நாங்க சாப்பிடறதில்ல."

"ஏன், ஒடம்புக்கு ஆவாதா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. நாங்க சமணம். இருட்டுல சாப்பிட்டா பூச்சி பொட்டு தெரியாம செத்துப்போவும்னு சாப்பிட மாட்டோம்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சமணம்னா, சேட்டா? தமிழ் சுத்தமா பேசறீங்களே."

"சேட்டு இல்லீங்க. எங்க ஊரு மேல்சித்தாமூர் பக்கம். மல்லாட்டை போடறவங்க."

அவர் நம்பவில்லை. அந்தப் பெட்டியில் யாருமே நம்பவில்லை. சமணர் என்றால் அடகுக் கடைக்காரர், இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வாதத்தில் தோற்று அந்தப் பக்கத்திலேயே செத்துப்போனவர். நிலத்தில் இறங்கி மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிற சமணரை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. தமிழ்ச் சமணர்களின் மடமே இருக்கிற செஞ்சிப் பக்கத்துக்கு இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு பேச்சைப் பார். அன்றிலிருந்து அவளுக்கு 'சேட்டம்மா' என்று பெயர் விழுந்தது. ஆனால் கிளார்க் நல்ல மனுஷன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே நேரத்தை மறந்துவிட்டால், "சேட்டம்மா, இன்னும் ஒரு பனை ஒசரம் இருக்குது, ஜல்தியா ரெண்டு வாய் போடுங்க" என்று குரல் கொடுப்பார். கொஞ்ச நாளில் அந்தப் பெட்டியே சேர்ந்து சூரியனைக் காவல் காக்க ஆரம்பித்தது.

கல்லூரி ஸ்டாஃப் ரூமில் ஒரு மண்பானை இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றும்போது பானையின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி வடிகட்டுவாள். துணியில் தங்கியதை உதறிவிட மாட்டாள், கிணற்றடிக்குக் கொண்டுபோய் அலசிக் கிணற்றிலேயே விட்டுவிட்டு வருவாள். ஒருநாள் பிரின்சிபால் அதைப் பார்த்துவிட்டு எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு பாராட்டினார். இந்தப் பெண்ணைப் பாருங்கள், எவ்வளவு சுத்தம், எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

"சுத்தத்துக்கு இல்லீங்க சார்" என்றாள் இவள். "தண்ணியில இருக்கிற சின்ன உசுருங்க உள்ள போயிடக் கூடாதுன்னுதான்."

பிரின்சிபால் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளத் தெரியாத ஜன்மம். அவளுக்கு ரூம் பிடித்துக் கொடுத்தபோதும் இதே கதைதான். வீட்டுக்கார அம்மா, கவிச்சி சேர்க்காத பெண் என்றதும் சந்தோஷமாகி, "நம்ம ஆளுங்கதானே" என்று சாவியை நீட்டிவிட்டாள். இவள் வாங்காமல், "இல்லீங்கம்மா, நாங்க வேற" என்று ஆரம்பித்தாள். நீட்டிய சாவி உள்ளே போய்விட்டது. நான் உத்தரவாதம் சொல்லி அதை மறுபடி வெளியே வரவழைக்க அரை நாள் ஆனது.

"உன்னை யாருடி புட்டுப்புட்டு வைக்கச் சொன்னது?" என்று தெருவிலேயே சண்டை பிடித்தேன்.

"கேக்கறாங்களேக்கா. கேட்டா சொல்லாம இன்னா பண்றது?"

கேட்காதவர்களிடம் அவள் போய்ச் சொன்னதில்லை. அதையும் சொல்ல வேண்டும். தீபாவளியன்று ஆளுக்கு ஒரு பலகாரம் கொண்டுவருவோம், அவளும் கொண்டுவருவாள். நரகாசுரனைப் பற்றி நாங்கள் பேசினால் கேட்டுக்கொண்டிருப்பாள். உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டால் மட்டும், மகாவீரர் முக்தி அடைந்த நாள், விடியற்காலையில் விளக்கு ஏற்றுவோம் என்பாள். அவ்வளவுதான், மறுபடி முறுக்கைக் கடிக்கப் போய்விடுவாள்.

கல்லூரிக்குக் கட்டடம் கட்டி முடியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் தட்டி வைத்து மறைத்து வகுப்பு நடக்கும். என் வகுப்புக்கும் அவள் வகுப்புக்கும் நடுவில் ஒரே ஒரு தட்டி. நான் சரித்திரம் நடத்துவது அவளுக்கும், அவள் அமெரிக்க இலக்கியம் நடத்துவது எனக்கும் வேண்டாமென்றாலும் காதில் விழும். அப்படித்தான் எனக்கு அமெரிக்கா தெரியும். தங்கள் சாமியை நிம்மதியாகக் கும்பிட வேண்டும் என்று கப்பலேறிப் போனவர்கள், போன இடத்தில் காலூன்றியதும் வேறு மாதிரி கும்பிடுகிறவர்களைப் பிடித்துக் கட்டிவைத்து அடித்தார்களாம். நீதிபதிக்கு முன்னால் தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்றவனுக்குச் சாட்டையடி. சாமி என்னோடு நேராகப் பேசுகிறார் என்று சொன்ன பெண்ணை ஊரைவிட்டே துரத்தினார்கள். இன்னும் பலரைச் சூனியக்காரி என்று பட்டம் கட்டித் தூக்கில் போட்டார்கள். பிற்காலத்தில் வந்த எழுத்தாளர்களுக்குத் தங்கள் பாட்டன்மார் செய்த காரியம் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது, அதனால்தான் கதையாகவும் நாடகமாகவும் எழுதித் தீர்த்தார்கள் என்பாள்.

ஒருநாள் அந்தப் பக்கம் ஒரு பையன் கேட்டான். "ஆமா, நான் சூனியக்காரிதான்னு ஒத்துக்கினா இன்னா பண்ணுவாங்க மேடம்?"

"ஒத்துக்கினவங்களை விட்டுட்டாங்க."

"அப்ப ஒத்துக்கினு போவ வேண்டியதுதானே. உசுராச்சும் மிஞ்சும்."

தட்டிக்கு இந்தப் பக்கம் என் பாடம் நின்றுபோய்விட்டது.

"மிஞ்சுச்சு" என்றாள். "நெறைய பேரு ஒத்துக்கினு பொழைச்சாங்க. அவங்களைக் கோழைங்கன்னு யாரும் பரீட்சையில எழுதாதீங்க. எழுதினா நான் மார்க் போட மாட்டேன்."

அன்றைக்கு ரயிலில் நான் விடவில்லை. "ஒரு சின்னப் பொய் சொல்ல மாட்டேங்கிற, பொய் சொன்னவங்களுக்கு மட்டும் வக்காலத்து வாங்கறியே" என்றேன். டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். அவர்கள் ஊரில் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த கதை.

"செஞ்சியில ஒரு ராஜா காலத்துல எங்க ஆளுங்களைத் தேடித் தேடி வெட்டினாங்களாம் அக்கா. நெத்தியில நீறு இருந்தா வுட்டுடுவாங்க. இல்லன்னா தலை போச்சு. நெறைய பேரு பூசிக்கினாங்க. வெளியில நீறு. வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கினு வடிகட்டின தண்ணி, பொழுதோட சோறு. அதையும் கண்டுபுடிக்க ஆள் வெச்சாங்களாம். எவன் வெளிச்சத்துலயே சாப்பிட்டு முடிக்கறான், எவன் தண்ணியைத் துணியில வடிகட்டறான்னு ஏரிக்கரையில ஒக்காந்து பாத்துக்கினே இருப்பாங்களாம்."

"அப்புறம்?"

"பூசிக்காதவங்களுக்கு வம்சம் இல்லக்கா. நான் பூசிக்கினவங்க வம்சம். அவங்களை நான் எப்படிக் குறை சொல்றது?"

என் நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு இருந்தது. கிளியனூரில் அம்மா வீட்டிலிருந்து வந்த பழக்கம், குளித்துவிட்டுப் பூசாமல் நான் காப்பி குடித்ததில்லை. அவள் என் நெற்றியைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் கையை அங்கே கொண்டுபோகாமல் உட்கார்ந்திருப்பது எனக்குச் சிரமமாக இருந்தது.

இனி கரஸ்பாண்டென்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியைத் தொடங்கியவர் அவர், ரைஸ்மில் முதலாளி, பெரிய சிவபக்தர். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சட்டைப் பையில் எப்போதும் திருநீற்றுப் பொட்டலம் இருக்கும். யார்மேலாவது பாசம் பொங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிவிடுவார். பாஸானவன், பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவன், எல்லாருக்கும் உண்டு. எங்கள் டைப்பிஸ்ட் கிறிஸ்தவர். சிரித்துக்கொண்டே நெற்றியைக் காட்டுவார், வெளியே வந்து கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார். யாருக்கும் அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

அவளுக்கு அந்த வருஷத்தோடு தற்காலிக வேலை முடிகிறது. ஜூனில் நிரந்தர உத்தரவு வர வேண்டும், அது கரஸ்பாண்டென்ட் கையில் இருந்தது. உத்தரவு வந்தால் அவள் இஷ்டம். வராவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போய், அப்பா பார்த்து வைத்திருக்கிற பையனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவள் அப்பா போட்டிருந்த நிபந்தனை அது. அவளுக்குக் கல்யாணத்தின்மேல் கோபம் இல்லை. வகுப்பை விட்டுப் போக மனசில்லை, அவ்வளவுதான். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் ஆண்டு விழா வந்தது. நாடகத்துக்கு அவள்தான் பொறுப்பு. கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டு, ராஜாவுக்குத் திருநீற்றால் நோய் தீர்ந்த கதையைப் போடச் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். வாதத்தில் தோற்ற சமணரிடம் திருநீற்றுத் தட்டை நீட்டுவார்கள், பூசிக்கொண்டவனை விட்டுவிடுவார்கள், பூசிக்கொள்ளாதவனைக் கழுவில் ஏற்றுவார்கள். கழுவேற்றுகிற கட்டம் தமாஷாக வர வேண்டும், ஜனங்கள் அதற்குத்தான் சிரிப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார். அவள் யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை.

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு" என்றேன் நான்.

"நல்லாத்தானேக்கா இருக்குது ஒடம்பு."

போட்டாள். சவுக்குக் கம்புகளை நட்டுக் கழுமரம் செய்தார்கள். மொட்டைத் தலைக்குச் சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டிக்கொண்டு, கையில் மயில்தோகையோடு, சமணராக வருகிற பையன்கள் ஐயோ அம்மா என்று கத்திக் குட்டிக்கரணம் போட்டார்கள். எதையும் அவள் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று சேர்த்தாள். தட்டை நீட்டுகிற மந்திரி, நீறு பூசுவாயா என்று கேட்பதற்கு முன்னால், உன் ஊர் எது என்று கேட்க வேண்டும். அவனவன் தன் சொந்த ஊரைச் சொல்ல வேண்டும். கடைசியாக நின்ற பையன் மெட்ராஸ்காரன், சொல்லிக்கொள்ள எனக்கு ஊர் இல்லையே மேடம் என்றான். அவனுக்குத் தன் ஊரைக் கொடுத்தாள்.

விழாவன்று சுற்றுவட்டாரத்திலிருந்து தாய் தகப்பன்கள் எல்லாம் வந்து மைதானம் நிறைந்திருந்தது. மந்திரி தட்டோடு வந்தான். "உன் ஊர் எது?" முதல் பையன் "இரும்பை" என்றான். அந்த ஊர் ஆட்கள் இருந்திருக்க வேண்டும், ஒரே விசில். "நீறு பூசுவாயா?" "மாட்டேன்." கழுமரத்தடியில் போய் நின்று உருண்டு புரண்டான், சிரிப்பு. அடுத்தவன் மயிலம். அதற்கும் சிரிப்பு, ஆனால் கொஞ்சம் குறைந்திருந்தது. மூன்றாவது பையன் "கிளியனூர்" என்றான். என் அம்மா வீட்டு ஊர். வெறும் விளையாட்டு என்று தெரியும். ஆனாலும் அவன் கம்பத்தடியில் போய் நின்றபோது நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த பையன்கள் கத்த மறந்துவிட்டார்கள். ஊரைச் சொன்னார்கள், போய் நின்றார்கள். கடைசியில் மெட்ராஸ் பையன் அவள் ஊரைச் சொன்னான். அது யார் ஊர் என்று மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கரஸ்பாண்டென்ட்டுக்கு மனசு பொங்கிவிட்டது. நாடகம் முடிந்ததும் அவளை மேடைக்கு அழைத்தார். மைக்குக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்து, பொட்டலத்தைப் பிரித்து, விரலில் திருநீற்றை எடுத்து அவள் நெற்றிக்கு நேரே கொண்டுபோனார்.

"ஐயா, நான் சமணங்க" என்றாள் அவள்.

மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. மைதானமே சிரித்தது. நாடகத்தின் தொடர்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள். என்ன சமயோசிதம் பார் என்று எனக்குப் பக்கத்தில் இருந்த காமர்ஸ் வாத்தியார் தொடையில் தட்டிக்கொண்டார். கரஸ்பாண்டென்ட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அப்ப உனக்கும் ஒரு கம்பம் நட்டிருக்கணுமேம்மா" என்று சொல்லி, பெற்ற மகளுக்குப் பூசுகிற மாதிரி நெற்றி நிறையப் பூசிவிட்டார். இன்னொரு முறை கை தட்டினார்கள். தேசிய கீதம் முடிகிற வரைக்கும் அவள் அதே இடத்தில் நின்றாள்.

ஸ்டேஷனுக்கு வந்தபோது பொழுது போயிருந்தது. டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. வண்டி கிளம்பின பிறகும் நெற்றியைத் தொடவில்லை.

"தமாஷுன்னு நெனச்சிட்டாங்கக்கா" என்றாள்.

"நல்லதாப் போச்சு. நீயும் சொல்லிட்ட, அவங்களும் சிரிச்சிட்டாங்க. யாருக்கும் மனஸ்தாபம் இல்ல. ஜூன் வரைக்கும் வாயை மூடிக்கினு இரு."

"எப்படிக்கா? அத்தினி பேருக்கு முன்னால நான் ஆமான்னு பூசிக்கின மாதிரி ஆயிடுச்சே."

"உங்க தாத்தனுங்க பூசிக்கினாங்கன்னு நீதானே சொன்ன. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன்னும் சொன்ன. உனக்கு மட்டும் இன்னாடி?"

"அவங்களுக்கு உசுரு போயிருக்கும்க்கா" என்றாள். "எனக்கு வேலைதானே போவும்."

எனக்கு வந்த கோபத்துக்கு ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். திண்டிவனம் வரைக்கும் அவளோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் நேராகக் கரஸ்பாண்டென்ட் ரூமுக்குப் போனாள். யாரும் கேட்காமல் தானாகப் போய் அவள் சொன்னது அந்த ஒரு தடவைதான். எப்படியாவது பேச்சை மாற்றிவிடலாம் என்று நானும் கூடவே நுழைந்தேன். அவர் எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"நேத்து மேடையில நான் சொன்னது தமாஷ் இல்லீங்க ஐயா. நாங்க சமணக் குடும்பம்."

அவர் சிரிக்கத்தான் போனார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சேட்டா நீ? பாத்தா தெரியலியே."

"இல்லீங்க. மேல்சித்தாமூர் பக்கம். மல்லாட்டை, கேப்பை போடறோம்."

"எத்தினி நாளா இப்படி?" என்று கேட்டார், காய்ச்சலை விசாரிக்கிற மாதிரி.

"ஆதியிலருந்தே இங்கதான் இருக்கறோம்ங்க."

"அப்ப அந்த நாடகத்தை நீ ஏம்மா போட்ட?"

"நீங்க போடச் சொன்னீங்க. கதையில ஒண்ணும் மாத்தலீங்க. சாவறவங்களுக்கு ஒரு ஊரு மட்டும் குடுத்தேன்."

"நெத்தியில வெச்சப்ப சும்மா நின்னியே."

"நான் சொன்னேனுங்க. நீங்க சிரிச்சிட்டீங்க."

பேச்சை மாற்ற நான் வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "சரிம்மா, போய் கிளாஸைப் பாரு" என்றார். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. வெளியே வந்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கேப்பை அடையை ரசித்துச் சாப்பிட்டாள்.

ஜூனில் அவளோடு சேர்ந்த மற்ற எல்லாருக்கும் உத்தரவு வந்தது. அவளுக்கு வரவில்லை. அமெரிக்க இலக்கியத்தை எடுத்துவிட்டு வேறு பேப்பர் வைத்திருக்கிறார்கள், அதனால் ஆங்கிலத்துக்கு இத்தனை ஆள் தேவையில்லை என்று காரணம் சொன்னார்கள். சமணம் என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நானாவது சண்டை போட்டிருப்பேன். யாரோடு போடுவது?

ஆவணியில் கல்யாணம் நடந்தது, போயிருந்தேன். மாப்பிள்ளை தங்கமான பையன். அன்றைக்குப் பந்தி எல்லாம் வெளிச்சத்திலேயே முடிந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம் இப்ப யாருக்கா கிளாஸ் எடுக்கறாங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். ரயிலில் கிளார்க் ரொம்ப நாள் வரைக்கும் முண்டியம்பாக்கம் தாண்டியதும் மேற்கே பார்த்துவிட்டு, "சேட்டம்மா இல்லாம சூரியனுக்கே பேஜாரா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு நாடகம் என் தலையில் விழுந்தது. கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டு, "போன வருஷத்து நாடகமே இருக்கட்டும்மா, ஜனங்களுக்குப் புடிச்சிருக்குது. அந்த ஊர் கேக்கற கட்டம் மட்டும் வேணாம், நீளமாப் போவுது" என்றார். சரிங்க என்று வந்து பையன்களிடம் சொல்லிவிட்டேன். ஒத்திகையிலும் அதை விட்டுவிட்டுத்தான் நடித்தார்கள்.

விழாவில் மந்திரி தட்டோடு வந்தான். முதல் பையனிடம் நேராக, "நீறு பூசுவாயா?" என்றான். "மாட்டேன்" என்றான் அவன். கழுமரத்துக்குத் தள்ளப் போகிற நேரத்தில் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"எந்த ஊருன்னு கேக்கலியேப்பா."

சிலர் சிரித்தார்கள். அதற்குள் இன்னொரு பக்கத்திலிருந்து, "ஆமா, ஊரைக் கேளுய்யா. கேக்காம கொல்லுவியா?" என்று ஒரு ஆள் எழுந்து நின்றார். அங்கங்கே குரல் எழும்பியது. மந்திரிப் பையன் திரைக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேனா என்று எனக்கே ஞாபகம் இல்லை. அவன் கேட்டான். அவர்கள் சொன்னார்கள். இரும்பை. மயிலம். கிளியனூர். கடைசியில் அதே மெட்ராஸ் பையன் அவள் ஊரைச் சொன்னான். போன வருஷம் மாதிரியே சத்தம் அடங்கிவிட்டது.

மேடை ஏறுவதற்காக எனக்குப் பக்கத்தில் வந்து நின்ற கரஸ்பாண்டென்ட், "அந்தப் பையன் மெட்ராஸ் ஆச்சே. அது எவன் ஊரும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போன வருஷம் இதைப் போட்டாளே, அந்தப் பொண்ணோட ஊருங்க ஐயா" என்றேன்.

அவர் மேடை ஏறிப் போனார். என்னை மேடைக்கு அழைத்தார்கள். அவர் வழக்கம்போல் பொட்டலத்தைப் பிரித்து, விரலில் எடுத்து, என் நெற்றிக்கு நேரே கையைக் கொண்டுவந்தார். அங்கே காலையில் நானே பூசிய திருநீறு அழியாமல் இருந்தது. அதைப் பார்த்த பிறகும் அவர் கை அப்படியே நின்றது.

"பூசலாமாம்மா?" என்று கேட்டார்.

அத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டியவளிடம் கேட்கவில்லை, என்னிடம் வந்து கேட்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"பூசுங்க ஐயா" என்றேன்.